குருகை எப்படி ஆடுவது?

சலங்கை கட்டுகிற இளையவர்கள் பலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். இன்று பேசுவது பெரும்பாலும் உங்களிடம்தான்.

சங்கப் பாட்டைப் பரதநாட்டியத்தில் ஆடுவது பற்றிய கூட்டம் என்றால் ஒரு வாசகம் தவறாமல் வந்துவிடும். இரண்டாயிரம் ஆண்டுக் கவிதையும் இரண்டாயிரம் ஆண்டு ஆடலும் மீண்டும் கைகோக்கின்றன என்பார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானா வரை போகிற மார்க்கத்தைச் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்தியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில். அப்போது குறுந்தொகை ஏட்டுக்கட்டில் கிடந்தது. சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்தது 1887இல். உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894. நற்றிணையும் குறுந்தொகையும் அச்சைப் பார்க்க 1915 ஆகிவிட்டது. பதம் பாடி ஆடிய பரம்பரைக்கு க்ஷேத்ரக்ஞரும் முத்துத்தாண்டவரும் கிடைத்தார்கள். கபிலர் கிடைக்கவில்லை. கலாக்ஷேத்ரா 1944இல் தமிழ் இலக்கியம் ஒன்றை நாட்டிய நாடகமாக்க எடுத்தபோதும் குற்றாலக் குறவஞ்சியைத்தான் எடுத்தது. குறவஞ்சி மேடைக்கென்றே பிறந்த வகை. பாட்டும் ஆட்டமும் அதற்குள்ளேயே இருந்தன.

ஆகவே குறுந்தொகைக்கு அபிநயப் பாடாந்தரம் என்று ஒன்று கிடையாது. பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த கை என்று எதையும் காட்ட முடியாது. இன்று ஆடப்படுவது ஒவ்வொன்றும் புது அமைப்பு. பதத்திலும் வர்ணத்திலும் பழகிய கருவிகளை எடுத்துக்கொண்டு நாம் அகப்பாட்டுக்குள் நுழைகிறோம். அந்தக் கருவிகள் அங்கே செல்லுமா என்பதுதான் என் கேள்வி. சொல் கடினம், உரை வேண்டும் என்று சொல்கிறார்கள். சொல்லின் கடினம் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். அதைவிடப் பெரிய சிக்கல், அகப்பாட்டு சொல்லாமல் விடுகிறது. நம் அபிநயமோ எல்லாவற்றையும் சொல்லிப் பழகியிருக்கிறது.

குறுந்தொகை 25ஆம் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். கபிலர் பாடியது. ஐந்தே அடி. அவன் தன்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு நினைவுக்கு வருகிறது, ஒரு குருகு இருந்தது. தினைத்தாள் போல மெலிந்த பசுங்கால். ஓடும் நீரில் ஆரல் மீன் வருமா என்று பார்த்து நின்ற குருகு.

இந்தப் பாட்டை மேடையில் ஆடும்போது வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். குருகு வருகிறது. ஒற்றைக் காலில் நிற்கிறது, கழுத்தை வளைக்கிறது, அலகால் மீனைக் கொத்துகிறது, மீன் நழுவுகிறது, மறுபடி கொத்துகிறது. அவையில் கைதட்டல். உண்மையிலேயே அழகாக ஆடுகிறார்கள், குறை சொல்ல முடியாது. அடுத்துச் சஞ்சாரி. அவன் வந்தது, பூக்கொடுத்தது, அவள் வெட்கப்பட்டது, கைப்பிடித்தது, சத்தியம் செய்தது. ஐந்து அடிப் பாட்டு பன்னிரண்டு நிமிடத்துக்கு நீண்டுவிடுகிறது. பாட்டில் ஒரே சொல்லில் போகிற சந்திப்பு முழுக்கதையாகிறது. குருகோ வேடிக்கைப் பறவையாகிவிடுகிறது.

கபிலர் ஏன் அந்தக் குருகை அங்கே நிறுத்தினார்? சாட்சிக்கு ஒரே ஓர் உயிர்தான் இருந்தது, அதுவும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. அதன் கண் மீன்மேல் இருந்தது. அவள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மீனைப் பார்த்து நின்றது என்று மட்டும் சொல்கிறாள், மிச்சத்தைத் தோழி உணர்ந்துகொள்ள வேண்டும். அப்படியானால் மேடையில் குருகு மீனைப் பிடிக்கவே கூடாது. பிடித்துவிட்டால் அதன் காத்திருப்பு முடிந்துவிடும், தலை நிமிரும். தலை நிமிர்ந்தால் அது அவளைப் பார்த்துவிடும், பாட்டு அழிந்துவிடும். ஆடுகிறவர் குருகாக நிற்கும் அந்தச் சில நொடிகளில் கண் தரைக்கு மேல் ஒரு முழம் எழும்பாமல் இருக்க வேண்டும். அடுத்த நொடி அதே உடல் தலைவியாகி, அந்தக் குருகு நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பார்வை இன்னொரு பார்வையைத் தேடிப் போகிறது, அது திரும்பவில்லை. அவ்வளவுதான் இதில் ஆட வேண்டியது. நான்கு நிமிடம் தாராளம்.

இங்கே என்ன பாவம் என்று கேட்டால் பெரும்பாலோர் சோகம் என்பார்கள், அல்லது விப்ரலம்ப சிருங்காரம் என்பார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைத் திறந்தால் வேறு ஒரு வழி கிடைக்கிறது. மெய்ப்பாடு எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நாட்டிய சாஸ்திரத்தின் எட்டு ரசங்களோடு இவற்றை ஒன்றுக்கொன்று பொருத்தி அட்டவணை போட்டுவிடுகிறோம், இளிவரலுக்கு நேரே பீபத்சம் என்று எழுதுகிறோம். ஆனால் தொல்காப்பியர் இளிவரலுக்குச் சொல்லும் களங்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. வெளியில் உள்ள ஒன்றைக் கண்டு மூக்கைச் சுளிப்பது இதில் இல்லை. தன் நிலை தாழ்ந்துபோனதைத் தானே உணர்கிற இடம் இது. ஒரு பறவையைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டிய நிலைக்கு வந்துவிட்டேனே என்கிற அந்தத் தலைவிக்கு இது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது பாருங்கள். இதற்குக் கண்ணீர் தேவையில்லை. உதட்டோரத்தில் சற்றே தன்னை எள்ளுகிற சிரிப்புக்கூட வரலாம். மெய்ப்பாட்டியலை மேற்கோளுக்காகப் படிக்கிறோம், ஒத்திகைக்காகப் படிப்பதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

அடுத்து, யார் யாரிடம் பேசுகிறார் என்பது. பதத்தில் நாயகி பேசுவாள், சகி கேட்டுக்கொண்டிருப்பாள். சகி இருக்கிறாள் என்பதைக் காட்ட வலப்புறம் ஒரு பார்வை போதும். அகப்பாட்டில் அந்த ஒழுங்கு கலைந்து கிடக்கிறது. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி, நற்றாய், தலைவன், பாங்கன், பரத்தை, வழியில் கண்டவர்கள் எல்லோரும் பேசுவார்கள். அதிலும் தோழி இருக்கிறாளே, அவள்தான் அகத்திணையின் மூளை. அவளை வாய் பேசாத சகியாக்கி ஓரமாக நிறுத்திவிட்டு ஆடுவது பெரிய நஷ்டம்.

சிறைப்புறம் என்று ஒரு துறை உண்டு. தலைவன் வேலிக்கு அப்பால் மறைந்து நிற்கிறான். தோழிக்கும் தலைவிக்கும் அது தெரியும். அவன் காதில் விழட்டும் என்று தோழி தலைவியிடம் பேசுகிறாள். ஊரார் அலர் தூற்றுகிறார்கள், அன்னை காவலை இறுக்கிவிட்டாள் என்கிறாள். சொல் ஒருத்திக்கு, பொருள் இன்னொருவனுக்கு. தனி ஆட்டக்காரருக்கு இதைவிடச் சவாலான இடம் கிடைக்காது. கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது முதல் வகுப்பிலேயே கற்பிக்கப்படும் விதி. இங்கே அந்த விதியைத் தெரிந்தே உடைக்க வேண்டியிருக்கிறது. கையும் முகமும் தலைவியிடம் இருக்கும், காதும் தோளும் வேலிப்பக்கம் இருக்கும். கண் அந்தப் பக்கம் போய்விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும், போகவே இல்லையென்றால் அவையோருக்கு வேலி இருப்பதே தெரியாது. அரைக்கண் அளவில் இதை வைத்துக்காட்ட முடிகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நாம் வர்ணத்திலேயே களைத்துப்போக விட்டுவிடுகிறோம்.

பாட்டைத் தொகுத்தவர்கள் ஒவ்வொன்றின் கீழும் ஒரு துறைக்குறிப்பு எழுதி வைத்தார்கள். இன்னார் இன்னாரிடம் இந்தச் சமயத்தில் சொன்னது என்று ஒரே வாக்கியம். மேடை அறிவிப்புக்கு அதுவே அளவு. இப்போதைய அறிவிப்புகள் பாட்டின் பொருளை முழுதாகச் சொல்லி, உவமையை விளக்கி, உவமைக்குள் இருக்கும் தத்துவத்தையும் பிழிந்து கொடுத்துவிடுகின்றன. அதன்பிறகு ஆடுவதற்கு என்ன மிஞ்சும்? யார் பேசுகிறார், யாரிடம், யார் ஒட்டுக்கேட்கிறார், இந்த மூன்றைச் சொல்லிவிட்டு ஒலிவாங்கியை அணைத்துவிடுங்கள்.

இசைக்கு வருகிறேன். இங்கேதான் அதிகச் சேதம் நடக்கிறது. குறுந்தொகையின் 8ஆம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுகிறவள் காதற்பரத்தை. வயலோரத்து மாமரத்தில் பழுத்து விழுகிற கனியைக் குளத்து வாளை மீன் கவ்விக்கொள்கிற ஊர்க்காரன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசுவான். தன் வீட்டுக்குப் போனால், கண்ணாடிக்குள் தெரிகிற பாவை மாதிரி, நாம் கையைத் தூக்கினால் தூக்குகிறது, காலைத் தூக்கினால் தூக்குகிறது, அப்படி ஆடுவான். யாருக்கு? தன் மகனைப் பெற்றவளுக்கு. இந்தக் கடைசிச் சொல் பாட்டின் இறுதியில்தான் வருகிறது. முழுப்பாட்டும் ஒரே வாக்கியம். வாளை மீனில் தொடங்கி நெளிந்து நெளிந்து போய் மனைவியிடம் முடிகிறது. கொடுக்கு வாலில் இருக்கிறது.

இதற்கு மெட்டுப் போடும் வித்வான் முதல் அடியைப் பல்லவியாக்குகிறார். அனுபல்லவி முடிந்ததும் பல்லவி, சரணம் முடிந்ததும் பல்லவி. ஒவ்வொரு சுற்றிலும் மாம்பழமும் வாளையும் திரும்பத் திரும்ப வருகின்றன. கடைசியிலும் பாட்டு வாளையில்தான் போய் நிற்கிறது. கொடுக்கை ஒடித்துவிட்டுத் தேளை ஆடவிடுகிறோம். பதத்தில் பல்லவிக்குத் திரும்புவது சரி, ஏனென்றால் பதத்தின் முதல் வரியே அதன் உயிர். மற்றவையெல்லாம் அதைச் சுற்றி வருபவை. அகவற்பா அப்படிக் கட்டப்படவில்லை. வினை முடிவதற்காக அது காத்திருக்கிறது. இதற்கு ஒரு விலக்கும் சொல்ல வேண்டும். முன்பு சொன்ன 25ஆம் பாட்டில் குருகு வந்துபோன பிறகு, யாரும் இல்லை என்ற தொடக்கத்துக்கு ஒருமுறை திரும்பினால் அது நன்றாகவே பொருந்தும். குருகு கணக்கில் சேரவில்லை என்பது தானாகவே விழுந்துவிடும். ஆக விதி போடுவதில் பயனில்லை. பாட்டின் வாக்கியம் எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டு மெட்டுப் போட வேண்டும், அவ்வளவே.

நான் சிபாரிசு செய்வது விருத்தம் பாடுகிற முறையை. தாளக்கட்டு இல்லாமல் ராகத்தில் விரித்துப் பாடி அபிநயம் பிடிப்பது நம் கச்சேரியிலேயே இருக்கிறது. பாலசரஸ்வதி கடைசியில் விருத்தத்துக்கு அபிநயம் பிடித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஆசிரியப்பாவின் சீர்களைப் பிரித்து ஆதிதாளத்து எட்டு அட்சரத்துக்குள் அடைக்கும்போது எதுகை மோனை விழும் இடம் ஒன்றாகவும் தாளத்தின் தட்டு விழும் இடம் வேறாகவும் போய்விடுகிறது. விருத்தத்தில் அந்தத் தொல்லை இல்லை. சொல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், ஆடுகிறவர் மூச்சுவிடலாம். கலித்தொகைக்கு இது வேண்டியதில்லை. அதன் தாழிசைகள் மும்மூன்றாக அடுக்கி வருவதால் மெட்டில் இயல்பாக உட்காரும். பேச்சும் மறுபேச்சுமாக நாடகமும் அதிலேயே இருக்கிறது. பரிபாடலுக்கோ பண்ணும், இசை வகுத்தவர் பெயரும் குறிப்பாகவே வந்திருக்கின்றன. எழுபதில் இருபத்திரண்டுதான் நமக்குக் கிடைத்தன. அவற்றை ஆடுபவர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று எனக்குப் புரியவில்லை.

பாலசரஸ்வதியின் பெயர் வந்ததால் இன்னொன்று. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில் அவர் மார்க்கத்தைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் மண்டபம், வர்ணத்தில் சன்னிதிக்கு வந்துவிடுகிறோம் என்று. மார்க்கத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொன்னவர் இல்லை. வர்ணத்து நாயகனுக்குப் பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. திருவாரூர்த் தியாகேசர், சுவாமிமலை முருகன், பெருவுடையார், அல்லது புரவலரான ஒரு மன்னர். அகப்பாட்டின் தலைவனுக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது அதன் இலக்கணம். அவன் நாடன், ஊரன், சேர்ப்பன். அந்தச் சன்னிதிக்குள் தெய்வம் இல்லை, பெயரில்லாத ஒரு மனிதன் நிற்கிறான். குறிஞ்சிப் பாட்டு என்றதும் தலைவன் கையில் வேலைக் கொடுத்துப் பின்னால் மயிலை ஆடவிடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சேயோன் அந்த நிலத்தின் தெய்வம். மலைச்சாரலில் இரவில் வந்து நிற்கும் இளைஞன் அவன் அல்லன். அந்த இளைஞனை ஜீவாத்மா தேடும் பரமாத்மா ஆக்கிவிட்டால் அவன் பொய் சொல்லக்கூடும் என்ற பயத்துக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது. பயம் போனால் பாட்டும் போயிற்று.

ஐந்திணை உருப்படிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சிலர் கோபிக்கலாம். இருபது நிமிடத்தில் ஐந்து நிலம். பச்சை விளக்கு, குறிஞ்சி. நீல விளக்கு, நெய்தல். மான், மீன், உழவு, வலை, பாலைக்கு ஒரு கழுகு. நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திணையில் நிலம் பாதி, பொழுது பாதி. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு விடியல், நெய்தலுக்குச் சூரியன் சாய்கிற வேளை, பாலைக்கு நண்பகல். ஒளி அமைப்பவர் நிறத்தை விட்டுவிட்டு வேளையைப் பிடித்தால் பாதி வேலை நடந்துவிடும். முல்லையின் மாலைக்கும் நெய்தலின் மாலைக்கும் வெளிச்சத்தில் என்ன வேறுபாடு என்று யோசிக்கிற ஒளிக்கலைஞர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாட்டுகளை ஆங்கிலத்தில் ‘தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்’ என்று வெளியிட்ட பிறகு, தமிழ் தெரியாத ஆடற்கலைஞர்களும் இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள். மினியாபொலிசில் இயங்கும் ராகமாலா குழுவின் ‘சேக்ரட் எர்த்’ சங்கப்பாட்டோடு கோலத்தையும் வார்லி ஓவியத்தையும் சேர்த்துக்கொண்டது. இதில் மனத்தாங்கல் எதுவும் எனக்கில்லை. மொழிபெயர்ப்பு வழியாக வருகிறவருக்கு நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சலிப்பு இல்லை. அது பெரிய வசதி. நம் சினிமாவும் துணிச்சலோடுதான் கையாண்டது. பாரி மகளிர் தந்தையை இழந்து பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டின் நிலவு, ‘இருவர்’ படத்தில் காதல் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. இலக்கணப்படி பெரிய குற்றம். ஆனால் அந்த நிலவை லட்சம் பேருக்குக் கொண்டுபோனது அந்தப் பாட்டுதான். பாரி மகளிரின் துயரத்தை அதற்கே உரிய மௌனத்தோடு ஆட ஒருவர் முன்வந்தால், அவையில் பாதிப்பேர் அந்த மெட்டை மனதுக்குள் முணுமுணுப்பார்கள். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் ஆட வேண்டும்.

சொல்லாமல் விடுவதற்கு இன்னும் ஓர் உதாரணம், குறுந்தொகை 167, கூடலூர் கிழார். புதிதாகக் குடித்தனம் போன பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த செவிலி நற்றாயிடம் சொல்கிறாள். கட்டித்தயிரைப் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டாள், தாளிப்புப் புகை கண்ணில் ஏறியது, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை அவன் இனிது என்று உண்டான், அவள் முகம் மிகச் சிறிதாக மலர்ந்தது. அந்த மலர்ச்சியை ஆடுகிறவர்கள் பல்தெரியச் சிரித்துவிடுகிறார்கள். செவிலிக்குத்தான் அது தெரிந்தது, கணவனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ. மேலும் அந்த முகத்தைக் காட்டுவது செவிலியின் முகம். வளர்த்தவள், பிள்ளை எப்படிக் குடித்தனம் நடத்துகிறாளோ என்று கவலையோடு போனவள், வயதானவள். ஒரு முகத்துக்குள் இன்னொரு முகத்தை அடக்கிக் காட்டுகிற வேலை இது. இருபது வயதில் ஆடினால் தயிரும் புகையும் நன்றாக வரும். ஐம்பது வயதில் ஆடினால் செவிலி வருவாள். மூத்த கலைஞர்களுக்கு உருப்படி இல்லை என்று சொல்கிறோமே, இதோ இருக்கிறது.

கடைசியாக நட்டுவனார்களிடம் ஒரு விண்ணப்பம். இதுவரை அபிநயத்தைப் பற்றியே பேசினேன். சங்கப்பாட்டு என்றால் பதம் மாதிரி மெதுவாகத்தான் ஆட வேண்டும் என்ற எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. ஔவையாரின் குறுந்தொகை 28ஆம் பாட்டைப் பாருங்கள். என் நோய் அறியாமல் தூங்குகிற இந்த ஊரை முட்டுவேனா, அடிப்பேனா, ஏதாவது சாக்கில் கூவிவிடுவேனா என்று கேட்கிறாள் ஒருத்தி. வெளியே காற்று அசைந்து அசைந்து அலைக்கழிக்கிறது. இதற்குக் கை பிடித்துப் பொருள் காட்டினால் சிரிப்பு வந்துவிடும், முட்டுவதை எப்படி முத்திரையில் காட்டுவது? இது காலுக்குரிய பாட்டு. பாட்டை ஒருமுறை விருத்தமாகப் பாடிவிட்டுப் பாடகர் நிறுத்திவிடட்டும். அதன்பிறகு ஜதி மட்டும். தீர்மானத்தை எதிர்பார்க்கிற இடத்தில் தீர்மானம் வரக்கூடாது, ஏனென்றால் அவள் முட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை, கேட்டுக்கொண்டு நிற்கிறாள். முடியாத ஒரு கோர்வையை எப்படிக் கட்டுவது, எந்த நடையில் கட்டுவது, மிருதங்கம் எந்த இடத்தில் விலகிக்கொள்வது, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கண்டநடை பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது, ஆனால் நான் தாளக்காரன் இல்லை. உங்களில் ஒருவர் மறுத்துச் சொன்னால் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.